வெறுமையாய் விட்ட கட்டம்

நான் படிக்கிறது கலைப்பீடத்தில். ஆனாலும் "கம்பஸ் பிள்ளைக்குக் கொம்பியூட்டர் தெரியும்தானே" என்று எங்கட ஊர் வாசிகசாலையின் அங்கத்தவர் பட்டியலை என் தலையில் கட்டிவிட்டார்கள். வீடியோக்கள் பார்த்தும் நண்பன் ஒருவனை நச்சரித்தும் கொஞ்சம் டேட்டாபேஸ் பழகினேன்.

பட்டியலில் ஒரு குறை இருந்தது. ஒருவர் வீடு மாறினால் பழைய முகவரியை அழித்துவிட்டுப் புதியதை எழுதுவோம். இடம்பெயராத குடும்பமே இல்லாத ஊரில் பழைய முகவரியும் வரலாறுதானே. எனவே எதையும் அழிக்காமல், மாற்றம் வரும்போதெல்லாம் அதே ஆளுக்குப் புது வரி ஒன்றைச் சேர்ப்பது என்று முடிவெடுத்தேன். எது இப்போதைய வரி என்று காட்ட ஓர் அடையாளம் வேண்டும். ஏற்கெனவே 'அக்டிவ்' என்றொரு கொலம் இருந்தது: 1 என்றால் அங்கத்தவர், 0 என்றால் விலகியவர். அதையே இதற்கும் பாவிப்பம் என்று நினைத்தேன். அங்கேதான் பிழைத்தது.

1 உள்ளவர்களை எடுத்தேன். பல பெயர்களைக் காணவில்லை. சரி, 0 அல்லாதவர்களை எடுப்பம் என்று மாற்றினேன். அப்போதும் வரவில்லை. போய்ப் பார்த்தால் அந்தக் கட்டங்களில் இரண்டுமே இல்லை, வெறுமை. இதை 'நல்' என்பார்கள். அது பூச்சியம் அல்ல, பதில் தெரியாது என்பதற்கான குறி. தெரியாத ஒன்று 1க்குச் சமமா என்று கேட்டால் எஸ்கியூஎல் 'தெரியாது' என்கிறது. 0 அல்லாததா என்று கேட்டாலும் அதே பதில்தான். 'ஆம்' என்று வரும் வரிகளை மட்டுமே அது வெளியே விடும்.

"எல்லா வெறுமையையும் 1 ஆக்கிவிடு மச்சான்" என்றான் நண்பன். ஒரே வரி வேலை. அதற்கு முதல் அந்த வீடுகளுக்கு ஒருக்காப் போய்க் கேட்போம் என்று தோன்றியது. சிலர் வெளிநாட்டில், சிலர் இறந்துவிட்டார்கள். ஓர் அம்மாவிடம் அவரது மகனின் பெயரைக் காட்டினேன். 2009க்குப் பிறகு மகனைப் பற்றித் தகவலே இல்லை.

"இருக்கிறான் எண்டு எழுதினா எங்க எண்டு கேப்பினம். இல்லை எண்டு எழுத நான் விடமாட்டன். அப்பிடியே விடு தம்பி."

இந்த நாட்டின் சட்டத்திலேயே 2016இல்தான் மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஒருவர் காணாமற்போயிருக்கிறார் என்று சான்றிதழ் பெற இடம் வந்தது. நான் ஒரு வரியில் அந்த அம்மாவுக்காகப் பதில் சொல்லப் பார்த்திருக்கிறேன்.

அன்றிரவுதான் விளங்கியது, இரண்டு கேள்விகளை ஒரே கட்டத்துக்குள் திணித்திருக்கிறேன். 'இது கடைசியாக எழுதிய வரியா?' என்பது என் வேலை பற்றிய கேள்வி. அதற்குத் தனிக் கொலம் போட்டேன். அதுவரை ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு வரிதான் இருந்தது, ஆகவே எல்லாவற்றுக்கும் தயங்காமல் 1. இனி அங்கே வெறுமை வரவே முடியாதபடி பூட்டியும் விட்டேன். 'இவர் இன்னும் அங்கத்தவரா?' என்பது மனிதர்கள் சொல்லவேண்டிய பதில். அங்கே வெறுமையை விட்டேன். பட்டியல் எடுக்கும்போது, 1 உள்ளவர்களோடு வெறுமையாய் உள்ளவர்களையும் சேர் என்று வெளிப்படையாக எழுதினேன். நாளைக்கு ஒரு பதில் கிடைத்தால் புது வரி வரும். இன்றைக்குத் தெரியாமல் இருந்தது என்பதும் பழைய வரியில் கிடக்கும்.

நீங்களும் ஏதாவது சங்கத்தின் பட்டியலைக் கையில் எடுத்தால், வெறுங்கட்டங்களை நிரப்ப முதல் எண்ணிப் பாருங்கள். முடிந்தால் போய்க் கேளுங்கள்.

போன கிழமை புதுப் பட்டியலை அச்செடுத்தோம். அந்த மகனின் பெயர் அதில் இருக்கிறது. பக்கத்துக் கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை.