பயத்துக்கும் வைத்தியம் வேண்டும்

டிசம்பர் 14

பாலக்கோட்டில் சித்தப்பா பேத்திக்கு வளைகாப்பு. அம்மா வரவில்லை என்றுவிட்டாள். "அத்தனை பேர் பாக்க மண்டபத்துல மூச்சு வாங்கிக்கிட்டு நிக்கணுமாடி?" முதலில் சந்தை நின்றது, பிறகு கோயில். இப்போது திண்ணைக்கு வருவதே அபூர்வம். மாரண்டஹள்ளியில் தெரியாத வீடே இல்லாதவள் அவள்.

டாக்டர் எழுதியிருப்பது சிஓபிடி, அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். பீடி, சிகரெட் எதுவும் தொட்டவளில்லை. கல்யாணமான நாளிலிருந்து விறகடுப்புப் புகையைத் தின்றவள். இந்தியாவில் 2016இல் சுமார் 5.5 கோடிப் பேருக்கு இந்த நோய் இருந்ததாக லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வு சொல்கிறது. அதில் எத்தனை பேர் வெட்கப்பட்டே வீட்டுக்குள் முடங்கினார்களோ.

டிசம்பர் 17

விடியற்காலைப் பனியில் அம்மாவுக்குத் திணறல். கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி கண்கள் பிதுங்க உட்கார்ந்திருந்தாள். ஆக்ஸிமீட்டரில் 94. "நம்பர் நல்லாத்தாம்மா இருக்கு, பயப்படாத" என்றான் தம்பி. அவள் கண்ணில் தெரிந்ததை அந்தக் கருவி அளக்கவில்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் போதுமான அளவு இருக்கும்போதும் மூச்சு முட்டலாம். சிஓபிடியில் சுருங்கிய குழாய்கள் வழியாகக் காற்று வெளியேற நேரம் பிடிக்கிறது. பயந்ததும் மூச்சு வேகமாகிறது. உள்ளே போன காற்று வெளியேறுமுன் அடுத்த மூச்சு வந்துவிடுகிறது. நெஞ்சில் காற்றுத் தேங்கி, இழுக்க இடமில்லாமல் போகிறது. அதனால் பயம் இன்னும் கூடுகிறது.

விஷயம் கேள்விப்பட்டு வந்த அத்தை, "எல்லாம் மனப்பிரமை" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. நுரையீரலையும் மனசையும் இங்கே பிரிக்கவே முடியாது.

டிசம்பர் 21

மக்களைத் தேடி மருத்துவத்தில் இயன்முறை மருத்துவர் வந்திருந்தார். 2021 ஆகஸ்டில் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் இது. முன்னால் சாய்ந்து முழங்கைகளைத் தொடையில் ஊன்றி, மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மெதுவாக ஊதச் சொல்லிக்கொடுத்தார். இழுப்பதைவிட விடுவதுதான் முக்கியமாம். கையடக்க மின்விசிறியை முகத்துக்கு நேரே பிடிக்கவும் சொன்னார். தேடிப் படித்தேன்: கேம்பிரிட்ஜில் செய்து 2010இல் வெளியான சோதனையில், காலில் காற்றுப் பட்டதைவிட முகத்தில் பட்டபோது திணறல் குறைந்திருக்கிறது. நோயை அது மாற்றுவதில்லை. ஆனால் திணறும் நேரத்தில் செய்வதற்கு ஒன்று கையில் இருக்கிறது என்ற தெம்பு சின்ன விஷயமில்லை. அம்மா விசிறியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறாள்.

டிசம்பர் 26

ராத்திரி கால் பிடித்துவிடும்போது சொன்னாள்: "தூங்கினா அப்படியே போயிடுவனோன்னுதான் கண்ண மூடறதில்ல." இத்தனை நாள் தூக்கமில்லை என்று மட்டும்தான் டாக்டரிடம் சொல்லிவந்தோம். "அப்படியெல்லாம் பேசாதம்மா" என்று வாய்வரை வந்ததை அடக்கிக்கொண்டேன். அவள் பேசப் பேசக் கேட்டேன். தனியாகத் திணறிச் சாவோமோ என்பதுதான் அவள் பயம். சாவைப் பற்றி அவளுக்கு அவ்வளவு கவலையில்லை. அன்று பேசிவிட்டுத் தூங்கினாள்.

அடுத்த முறை தருமபுரி அரசு மருத்துவமனைக்குப் போகும்போது இதையும் சொல்லப்போகிறேன். மனப்பதற்றத்துக்கும் திணறலுக்கும் தனித்தனியே சிகிச்சை உண்டு. நோய் முற்றும்வரை காத்திராமல் வலி, திணறல் தணிக்கும் பிரிவுக்கும் போகலாம். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தால், இருமல், சளி, தூக்கமின்மையோடு அவருடைய பயத்தையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்குமுன், என்ன பயம் என்று அவரிடமே கேளுங்கள்.