இல்லை என்று சொல்லும் முறை

பங்கு இல்லத்தின் கதவைத் தட்டுவோருக்கு நாம் எப்போதும் கிடைப்பதில்லை. நோயுற்றோரைச் சந்திக்கச் சென்றிருப்போம். கிளை ஊரில் திருப்பலி இருக்கும். அவ்வேளைகளில் திண்ணையில் அமர்ந்திருக்கும் நம் கோயில்பிள்ளை, வருகிறவரிடம் "சாமி இல்லை" என்று மட்டும் சொல்லி நிறுத்தியதே கிடையாது. "ஐந்து மணிக்கு வந்துவிடுவார். சான்றிதழுக்கென்றால் விவரத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். அவசரமென்றால் சொல்லுங்கள், இப்போதே கூப்பிடுகிறேன்" என்பார். நாம் இல்லை என்பதுதான் செய்தி. ஆயினும் வந்தவர் வழியின்றித் திரும்புவதில்லை. இந்த எளிய பண்பு நம் பங்கின் இணையதளத்தில் இல்லாதிருந்ததை ஒரு துயர நாளில்தான் உணர்ந்தோம்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் நம் பங்கைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் இறைவனடி சேர்ந்தார். அவருடைய ஒரே மகன் வளைகுடா நாடொன்றில் வேலை பார்ப்பவர். அடக்கத்திற்கு வந்து சேர அவரால் இயலவில்லை. அடக்கத் திருப்பலியை நேரலையில் காண்பதற்குரிய பக்கத்தின் முகவரியை முதல் நாள் இரவே அவருக்கு அனுப்பிவைத்தோம். மறுநாள் காலையில், தளத்தைக் கவனித்துவரும் இளைஞர், அறிவிப்புகளையெல்லாம் ஆண்டுவாரியாகப் பிரித்து அடுக்கினார். அப்படிச் செய்யும்படி வாரக்கணக்காக அவரை வற்புறுத்தியவர் நாமே. பக்கம் இடம் மாறியது. அதன் முகவரியும் மாறியது. மகனிடம் இருந்ததோ பழைய முகவரி. குறித்த நேரத்தில் அவர் அதைத் திறந்தபோது, வெள்ளைத் திரையில் '404' என்ற எண்ணும் 'நாட் ஃபவுண்ட்' என்ற ஆங்கிலச் சொற்களுமே தோன்றின. மீண்டும் மீண்டும் முயன்றிருக்கிறார். பங்கு இல்லத் தொலைபேசியும் ஒலித்திருக்கிறது, எடுப்பதற்கு எவருமில்லை. நாம் எல்லோரும் கோயிலில் இருந்தோம்.

மாலையில் அவரே மறுபடியும் அழைத்தார். "சாமி, அந்தப் பக்கமே இல்லை என்று வந்தது. நான்தான் ஏதோ தப்பாக அழுத்திவிட்டேன் போலிருக்கிறது" என்றார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்போம். நம் பிழையைத் தம் பிழையாக ஏற்றுக்கொண்டு அவர் பேசியதுதான் அன்றிரவு நம்மை உறங்கவிடவில்லை.

அதன்பின் அந்த எண்ணைப் பற்றி அறிய முற்பட்டோம். பக்கத்தைக் கேட்கும் கணினிக்கு, வழங்கும் கணினியாகிய சர்வர் தரும் பதில்கள் மூன்று இலக்க எண்களால் குறிக்கப்படுகின்றன. 2 என்று தொடங்கினால் கேட்டது கிடைத்தது. 3 என்றால் வேறிடம் செல்க. 5 என்றால் சர்வரிலேயே கோளாறு. 4 என்றால் பிழை கேட்டவர் பக்கம் என்பது பொருள். 1996-இல் வெளியான எச்.டி.டி.பி. 1.0 நெறிமுறை ஆவணத்திலேயே 404 இடம்பெற்றுள்ளது. ஆக, பக்கத்தை நாம் மாற்றிவிட்டு, வந்தவரைப் பார்த்து 'நீர் தவறாகக் கேட்டீர்' என்று சொல்வதுபோல அந்த எண் அமைந்துவிடுகிறது. உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, 1998-இல் எழுதிய கட்டுரையொன்றில், முகவரிகள் மாறுவதற்கான பொறுப்பைத் தளத்தை நடத்துவோர் மீதே வைக்கிறார். அதைப் படித்தபோது நமக்குச் சுருக்கென்றது.

எண்ணை மாற்ற முடியாது. ஆனால் எண்ணோடு வரும் பக்கத்தை நாமே எழுதலாம். நம் தளம் அப்பாச்சி என்னும் மென்பொருளால் இயங்குவது. தமிழில் ஒரு பக்கத்தை எழுதி வைத்து, அமைப்புக் கோப்பில் 'எரர்டாக்குமென்ட் 404' என்று எழுதி, அப்பக்கத்தின் பாதையை அடுத்துக் குறித்தால் போதும். அவ்வளவு எளிய வேலையிலும் இருமுறை தவறினோம். முதலில், பாதைக்குப் பதிலாகத் தளத்தின் பெயரோடு கூடிய முழு முகவரியை எழுதினோம். அவ்வாறு எழுதினால் சர்வர் 404 என்று சொல்லாமல், வந்தவரை வேறொரு பக்கத்திற்குத் திருப்பிவிடுகிறது. அங்கே 200, அதாவது 'எல்லாம் சரி' என்ற பதில் கிடைக்கிறது. அடுத்து, பக்கத்திலிருந்த படங்களின் பாதையைத் தொடக்கச் சாய்கோடின்றி எழுதினோம். பிழைப் பக்கம் எந்த முகவரியிலும் தோன்றக்கூடியது. ஆதலால் உட்பிரிவு முகவரிகளில் படங்கள் வராமற் போயின. தளத்தின் வேரிலிருந்து, சாய்கோட்டுடன் தொடங்கி எழுதியபின் சரியாயின.

பங்குப் பேரவையில் ஒருவர், "இத்தனை சிரமம் எதற்குச் சாமி? யார் எந்தத் தவறான முகவரியில் வந்தாலும் முகப்புப் பக்கத்திற்கு அனுப்பிவிட்டால் பிழையே தெரியாதே" என்றார். கேட்பதற்கு இதமாகத்தான் இருந்தது. ஆனால் தாயின் அடக்கத்தைத் தேடி வந்த மகனுக்கு முகப்பிலிருக்கும் திருவிழாப் படங்களைக் காட்டுவது எவ்விதத்தில் கனிவாகும்? இத்தகைய பதிலைக் கூகுள் நிறுவனமும் 'சாஃப்ட் 404' என்று குறையாகவே குறிக்கிறது. அன்பில்லாத உண்மை, உண்மையில்லாத அன்பு ஆகிய இரண்டையும் பற்றிக் குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்ற நாள்களில் மணிக்கணக்கில் வாதிட்டிருக்கிறோம். அந்த வாதத்தை ஒரு பிழைப் பக்கத்தின் முன் மீண்டும் சந்திப்போம் என்று எண்ணியதில்லை. சர்வர் 404 என்ற உண்மையைச் சொல்லட்டும்; பக்கத்தின் சொற்கள் அன்பைக் காட்டட்டும் என்று முடிவு செய்தோம்.

இன்று அப்பக்கத்தில் இவ்வாறு இருக்கிறது: 'நீங்கள் தேடிய பக்கம் இந்த முகவரியில் இல்லை. நாங்கள் அதை இடம் மாற்றியிருக்கலாம், சிரமத்திற்கு வருந்துகிறோம்.' அதன் கீழே மூன்றே வழிகள்: இன்றைய அறிவிப்புகள், நேரலை, பங்கு அலுவலகம். வழிபாட்டு நேரத்திலும் எடுத்துப் பேசக்கூடிய ஒருவரின் எண்ணும் அங்குண்டு.

ஆயினும் பிழைப் பக்கம் இரண்டாவது மருந்தே. பக்கம் இடம் மாறினால், 301 என்னும் நிரந்தரத் திருப்பத்தைப் பழைய முகவரியில் எழுதிவைப்பதே முதற்கடமை. அன்று காலையில் அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் மகன் தாயைக் கண்டிருப்பார். வேண்டுமென்றே நீக்கிய பக்கத்திற்கு, 'இனி இல்லை' என்று பொருள்படும் 410 உண்டு. இப்போது வாரந்தோறும் சர்வரின் பதிவேட்டைத் திறந்து, எவரெவர் எதைத் தேடிக் கிடைக்காமற் போனார்கள் என்பதை அந்த இளைஞரோடு அமர்ந்து பார்க்கிறோம். திருமுழுக்குச் சான்றிதழுக்கான பழைய படிவ முகவரியை எத்தனை பேர் இன்னும் தட்டுகிறார்கள் என்று வியந்தோம். ஒவ்வொன்றாக வழி திருப்பிவருகிறோம்.

விடுமுறையில் ஊர் வந்த மகன் நம்மைச் சந்தித்தார். அடக்கத்தின் பதிவை அவருக்கு முன்னரே அனுப்பியிருந்தோம்; ஆனால் அந்த ஒரு மணி நேரத்தை எவரும் திருப்பித்தர இயலாது. "நீங்கள் தப்பாக எதையும் அழுத்தவில்லை தம்பி. தவறு எங்களுடையது" என்றோம். சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "இத்தனை நாளும் என் தப்பு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன் சாமி" என்றார்.

அன்பர்களே, உங்கள் பங்கிற்கோ பள்ளிக்கோ சங்கத்திற்கோ இணையதளம் இருக்குமானால், இன்று அதில் இல்லாத முகவரி ஒன்றைத் தட்டிப் பாருங்கள். என்ன பதில் வருகிறதோ, அதுவே வழி தவறி வந்தவருக்கு நீங்கள் சொல்லும் பதில்.