மறுத்துப் பேசியவருக்கு ஒரு மடல்

மதிப்புக்குரிய போசோ ஐயா அவர்களுக்கு,

நார்மண்டியில் பெக் மடத்துக்கு 1124 முதல் 1136 வரை தலைவராக இருந்தவரை எப்படி அழைப்பது என்று கொஞ்சம் யோசித்தேன். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் போதகரை ஐயர் என்போம். கத்தோலிக்கர்கள் சாமி என்பார்கள். ‘ஐயா’ இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருக்கட்டும். உங்கள் குரு அன்செல்முக்கு நன்றி சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமில்லை. அவர் கான்டர்பரி பேராயர், புனிதர், பேரறிஞர். அவருடைய புத்தகத்துக்குள் உட்கார்ந்துகொண்டு பக்கத்துக்குப் பக்கம் மறுப்புச் சொன்னவர் நீங்கள். உங்களுக்கு யாரும் எழுதினதாகத் தெரியவில்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

‘கடவுள் ஏன் மனிதரானார்’ என்ற அந்த நூலை இங்கிலாந்தில் தொடங்கி, 1098-ல் தென் இத்தாலியில் கப்புவாவை அடுத்த மலையூர் ஒன்றில் முடித்தார் அன்செல்ம். அரசன் இரண்டாம் வில்லியமோடு பிணக்கு, நாட்டைவிட்டே கிளம்பியிருந்த நேரம். எழுதி முடிப்பதற்குள் முதல் பகுதியைச் சிலர் அவருக்குத் தெரியாமலே படியெடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், அதனால் அவசரமாக முடிக்க வேண்டியதாகிவிட்டது என்று முன்னுரையில் குறைப்பட்டிருக்கிறார். திருட்டுப் பிரதி அன்றே இருந்திருக்கிறது பாருங்கள்! நூல் முழுக்க உங்கள் இருவருடைய பேச்சுதான். நீங்கள் கேட்கிறீர்கள், அவர் சொல்கிறார்.

முதல் நன்றி சாத்தான் விஷயத்துக்கு. இயேசு தம் உயிரை மீட்கும்பொருளாகக் கொடுத்தார் என்று சுவிசேஷம் சொல்கிறது. மீட்கும்பொருள் என்றால் அதை வாங்கிக்கொண்டவன் யார்? சாத்தான்தான் என்று ஓரிகன் காலத்திலிருந்தே ஒரு பதில் உண்டு. நீசாவின் கிரகோரி அதைத் தூண்டிலாக்கினார்: மனித உடல் இரை, உள்ளே தெய்வீகம் முள், சாத்தான் விழுங்கி மாட்டிக்கொண்டான். அகஸ்தீன் சிலுவையை எலிப்பொறி என்றார். நாசியான்சுவின் கிரகோரி மட்டும், கொள்ளைக்காரனுக்குக் கடவுள் கப்பம் கட்டினாரா, வெட்கக்கேடு என்று ஓர் ஈஸ்டர் பிரசங்கத்தில் கொதித்தார். ஆனாலும் மனிதன் மேல் சாத்தானுக்கு ஏதோ நியாயமான உரிமை உண்டு என்ற பேச்சு அடங்கவில்லை. அதை முதல் புத்தகத்தின் ஏழாம் அதிகாரத்தில் உடைத்தது அன்செல்ம் என்றுதான் எல்லாரும் எழுதுகிறார்கள். திறந்து பார்த்தால் அங்கே பேசுவது நீங்கள். சாத்தானும் மனிதனும் ஒரே எஜமானுடைய அடிமைகள். ஒருவன் மற்றவனை ஓடிவரச் சொல்லித் தூண்டி, ஓடிவந்தவனைத் தன்னிடம் பதுக்கிவைத்தான். களவாணிக்கு என்ன உரிமை, அவனோடு என்ன வழக்கு என்று கேட்டுவிட்டீர்கள்.

அதோடு விட்டீர்களா? அடுத்த அதிகாரத்திலேயே, குற்றவாளியை விடுவிக்க நிரபராதியைச் சாகக் கொடுப்பது என்ன நீதி, ஒரு மனிதன் இப்படிச் செய்தால் அவனையே தண்டிக்க மாட்டோமா என்று கேட்டீர்கள். எங்கள் பெரிய வெள்ளி ஆராதனைக்கு ஒருமுறை நீங்கள் வந்திருக்க வேண்டும். பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரை, சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளுக்கும் ஏழு செய்தி. அதில் ஒருவராவது ரயில் பாலத்துக் கதையைச் சொல்லாமல் இறங்க மாட்டார். திறந்து கிடக்கும் பாலம், வேகமாக வரும் ரயில், இயந்திரத்துக்குள் சிக்கிக்கொண்ட சொந்த மகன். தகப்பன் கைப்பிடியை இழுக்கிறான், மகன் நசுங்குகிறான், ரயிலில் இருப்பவர்கள் ஒன்றும் தெரியாமல் கையசைத்துப் போகிறார்கள். சபையில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்கும். எனக்கு உங்கள் எட்டாம் அதிகாரம்தான் ஞாபகம் வரும். அந்தப் பையனை யாராவது சம்மதம் கேட்டார்களா? கிறிஸ்துவைப் பிதா வற்புறுத்தவில்லை, நீதியை விடாமல் வாழ்ந்ததற்காகத்தான் அவர் மனமுவந்து மரித்தார் என்று அன்செல்ம் உங்களுக்குப் பக்கம் பக்கமாக விளக்க வேண்டியதாயிற்று. ரயில் கதைக்காரருக்கு அந்த வேலையே இல்லை, ஏனென்றால் அவரிடம் யாரும் கேட்பதில்லை.

நான் திடப்படுத்தல் வகுப்பு எடுக்கிறவன். ஒரு பிள்ளை கேட்டாள்: “சார், கர்த்தருடைய ஜெபத்துல நாம சும்மாதானே மன்னிக்கிறோம்? கடவுள் மட்டும் ஏன் சும்மா மன்னிக்கல?” பின்வரிசைப் பையன்கள் சிரித்தார்கள். பன்னிரண்டாம் அதிகாரத்தில் நீங்கள் கேட்டது கிட்டத்தட்ட இதேதான்: எங்களை மன்னிக்கச் சொல்லிவிட்டு, தாம் செய்யாததை எங்கள்மேல் சுமத்துவது போலிருக்கிறதே என்று. “ஆயிரம் வருஷத்துக்கு முன்னால ஒரு பெரிய துறவி கேட்ட கேள்விம்மா இது” என்றேன். சிரிப்பு நின்றது. அந்த ஒரு வரியைச் சொல்ல வைத்ததற்கே உங்களுக்கு ஒரு மடல் தகும்.

அன்செல்ம் கொடுத்த பதிலை அவளுக்குச் சொன்னேன். பழிவாங்குவது எல்லாருக்கும் ஆண்டவரானவருக்கு மட்டுமே உரியது, ஆகவே நமக்கு இட்ட கட்டளையில் முரண்பாடு இல்லை என்பது அது. அவளுக்கும் திருப்தியில்லை, எனக்கும் இல்லை. நீங்கள் என்னவோ தலையாட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டீர்கள்.

அவருடைய மையவாதம் அதைவிட வலுவானது. பாவம் என்பது கடவுளுக்குச் சேர வேண்டிய மதிப்பைப் பறிப்பது. பறித்ததைத் திருப்பித் தந்தால் போதாது, மேலும் ஈடு செய்ய வேண்டும். ஈடு செய்ய வேண்டியவன் மனிதன். செய்ய முடிந்தவர் கடவுள் ஒருவரே. ஆகவே இரண்டுமான ஒருவர் வேண்டும். பிரபுவுக்கும் குடிக்கும் இடையிலான அந்தக் கால மானமரியாதைக் கணக்கை அப்படியே வானத்துக்கு ஏற்றிவிட்டார் என்று பலர் சொல்கிறார்கள். அது பாதிதான் சரி. நீங்கள் இருவரும் முதலில் மடத்து ஆட்கள். பெனடிக்ட்டின் ஒழுங்கில் 45-ஆம் அதிகாரத்தை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜெபக்கூடத்தில் சங்கீதத்தைத் தப்பாகச் சொல்லிவிட்ட துறவி, அங்கேயே எல்லார் முன்னாலும் தன்னைத் தாழ்த்தி ஈடு செய்ய வேண்டும். செய்யாவிட்டால்தான் பெரிய தண்டனை. ஈடா, தண்டனையா, இரண்டில் ஒன்று. ஈடு செய்தவனுக்குத் தண்டனை கிடையாது. அன்செல்மின் வாதம் இதே தடத்தில்தான் ஓடுகிறது.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், நம் மேடைகளில் அன்செல்மையும் கால்வினையும் ஒரே ஆளாக்கிவிட்டார்கள். நமக்கு வரவேண்டிய தண்டனையைக் கிறிஸ்து தம்மேல் வாங்கிக்கொண்டார் என்பது, சட்டம் படித்த கால்வினும் 16-ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தக்காரரும் கூர்மையாக்கியது. உங்கள் குருவின் கணக்கில் கிறிஸ்து தண்டிக்கப்படவே இல்லை. தமக்குக் கடனாக இல்லாத மரணத்தை அவர் கொடையாகத் தந்தார். அந்தக் கொடைக்குரிய பலன் நமக்கு வந்தது. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம்!

பிறகு வந்தவர்கள் உங்கள் கேள்விகளை மறுபடி மறுபடி பேசியிருக்கிறார்கள், பெரும்பாலும் உங்கள் பெயரைச் சொல்லாமல். 12-ஆம் நூற்றாண்டில் அபெலார்ட், ரோமர் நிருப விளக்கத்தில், குற்றமில்லாதவரின் இரத்தத்தை விலையாகக் கேட்பது எவ்வளவு கொடூரம் என்றார். சிலுவை நமக்குள் அன்பைப் பற்றவைக்கிறது என்பது அவர் பதில். கிளேர்வோவின் பெர்னார்ட் அவர்மேல் பாய்ந்தார், சாத்தானின் உரிமையை மறுத்ததற்காகவும் சேர்த்து! 16-ஆம் நூற்றாண்டில் சொசினுஸ், கடன்காரனை மன்னிப்பவர் யாரிடமும் வசூலிக்க மாட்டாரே என்று வாதாடினார். அவருக்கு மறுப்பாக 1617-ல் சட்ட அறிஞர் குரோட்டியுஸ் ஒரு நூலே எழுதினார். ஸ்வீடனில் குஸ்தாஃப் ஔலேன் 1930-ல், பாவத்தையும் மரணத்தையும் சாத்தானையும் கிறிஸ்து வென்றார் என்பதே திருச்சபையின் மூல நம்பிக்கை, உங்கள் புத்தகம்தான் பாதையைத் திருப்பிவிட்டது என்றார். ஔலேன் சொல்வதில் எனக்குப் பெரிய ஈர்ப்பு உண்டு. ஆனால் உங்கள் ஏழாம் அதிகாரத்துக்கு அவர் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன்.

இவ்வளவு சண்டைக்குப் பிறகும், கிறிஸ்து யார் என்று வரையறுத்த பழைய பொதுச்சங்கங்கள் எதுவும், அவருடைய மரணம் நம்மை எப்படி இரட்சிக்கிறது என்பதற்கு ஒரே விளக்கத்தை வரையறுக்கவில்லை. நைசியா விசுவாசப்பிரமாணம் ‘நமக்காக’ என்பதோடு நின்றுகொள்கிறது. எங்கள் வகுப்பில் கைதூக்குகிறவர்களுக்கு இடம் இருப்பது அதனால்தான். நீங்களும் விசுவாசம் ஆட்டம் கண்டு கேட்கவில்லையே. நம்பினதற்குக் காரணம் காட்டுங்கள் என்றுதானே கேட்டீர்கள்.

ஒரு மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் புத்தகத்தில் நீங்கள் ஆளே மாறிவிடுகிறீர்கள். ‘ஆம்’, ‘மறுக்க முடியாது’ என்றே போகிறது. கடைசியில் யூதரும் புறமதத்தாரும்கூட இதை ஏற்றுக்கொள்வார்கள் என்கிற அளவுக்கு ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். அந்த நூலில் கிறிஸ்துவின் உயிர்த்தெழுதலுக்கு இடமே இல்லை எனலாம். அவர் கலிலேயாவில் நோயாளிகளைத் தொட்டதும் ஆயக்காரரோடு பந்தியிருந்ததும் கணக்கில் வரவில்லை. மரணத்தோடு ஈடு முடிந்துவிட்டதென்றால் மூன்றாம் நாள் எதற்கு? அன்செல்ம் எதிரே உட்கார்ந்திருந்தவர் நீங்கள். இதையும் கேட்டிருக்கலாம் ஐயா.

இப்படிக்கு,
நன்றியுள்ள
திடப்படுத்தல் வகுப்பு ஆசிரியர் ஒருவர்