உள்ளங்கையில் ஊற்று

சித்திரை வெயிலில் ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியில் நின்றால் யாருக்குத்தான் வேர்க்காது? பால்கோவா கிண்டுபவருக்கு அடுப்புச் சூட்டில் வேர்க்கும். ராஜபாளையம் மில்களில் நூல் அறுந்துவிடாமல் இருக்கக் காற்றை ஈரமாகவே வைத்திருப்பார்கள். அங்கே வேர்வை லேசில் காயாது. இதெல்லாம் வியாதி இல்லை. உடம்பு தன்னைக் குளிர வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். (பாவம், ராஜபாளையம் நாய்க்கு அந்த வசதியும் பாதத்தில் மட்டும்தான். மிச்சத்துக்கு நாக்கைத் தொங்கப்போட வேண்டும்!)

ஆனால் மார்கழிக் குளிரிலும், உள்ளங்கைக்கு அடியில் கைக்குட்டை வைத்துக்கொண்டு பரீட்சை எழுதுகிறானே ஒரு பையன், அவன் கதை வேறு. பேனா வழுக்கும், மை கலையும். யாராவது கை கொடுக்க வந்தால் பேண்ட்டில் துடைத்துவிட்டுத்தான் நீட்டுவான். "பயந்தாங்கொள்ளி" என்று கூட்டாளிகள் சிரிப்பார்கள். பயத்தில் வேர்வை கூடும், சரி. ஆனால் மூல காரணம் பயம் இல்லை. வேர்வைச் சுரப்பிகளைத் தூண்டும் நரம்புகள் தேவைக்கு மேல் வேலை செய்கின்றன. ஹைப்பர்ஹைட்ரோசிஸ் என்று பெயர். பெரும்பாலும் சின்ன வயதிலேயே ஆரம்பிக்கும், தூங்கும்போது நின்றுவிடும். தூக்கத்திலும் உடம்பு நனைந்து, எடையும் குறைந்தால் காசநோய், தைராய்டு என்று வேறு சோதனைகள் வேண்டும்.

டப்பா டப்பாவாகப் பவுடர் கொட்டிப் பிரயோசனம் இல்லை. முதலில் தருவது அலுமினியம் குளோரைடு கரைசல். ராத்திரி, நன்றாகக் காய்ந்த தோலில் தடவி, காலையில் கழுவ வேண்டும். ஈரக் கையில் தடவினால் எரியும்.

அடுத்தது அயன்டோபோரெசிஸ். தட்டில் குழாய்த் தண்ணீர் ஊற்றி, கையை வைத்து, மெல்லிய மின்சாரம் விடுவார்கள். தடவைக்கு 20 நிமிடம் போல, ஆரம்பத்தில் வாரத்துக்கு மூன்று நாள். பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. வீட்டில் வயரைப் பிடுங்கிச் சோதிக்க நினைக்கும் விஞ்ஞானிகளே, வேண்டாம்!

போடாக்ஸ் ஊசியை அக்குள் வேர்வைக்கு அமெரிக்கா 2004-ல் அனுமதித்தது. சில மாதங்கள் தாங்கும், செலவு அதிகம். உள்ளங்கையில் போட்டால் வலிக்கும், பிடியும் கொஞ்ச நாள் தளரலாம். கிளைகோபைரோலேட் மாத்திரை வாயை உலர்த்தும். உடம்பு முழுக்க வேர்வையைக் குறைப்பதால், இந்த ஊர் வெயிலில் அதை விழுங்கிவிட்டு கிரிக்கெட் ஆடுவது ஆபத்து.

நரம்பை வெட்டும் ஆபரேஷனும் உண்டு. கை உடனே காய்ந்துவிடும். ஆனால் பலருக்கு அதே வேர்வை முதுகிலும் வயிற்றிலும் தொடையிலும் கொட்ட ஆரம்பிக்கிறது, திருப்பி மாற்றவும் வழியில்லை. அதனால் அதைக் கடைசியில் வைப்பதுதான் நியாயம்.

தோல் டாக்டரைப் பார்ப்பதென்றால் பரீட்சைக்கு முந்தின நாள் ஓடக் கூடாது. கரைசலோ மின்சாரமோ, பலன் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும். அதுவரை அந்தக் கைக்குட்டை இருக்கட்டும்.