குமிழிக்கல்லை நட்டவர்கள்

புதுக்கோட்டை வட்டாரத்தில் கோடைகாலத்தில் கண்மாய் வற்றினால்தான் அந்தக் கற்கள் முழுதாகத் தெரியும். கரையிலிருந்து சற்றுத் தள்ளி, கண்மாயின் உட்புறத்தில் இரண்டு கல்தூண்கள் நிற்கும். அவற்றை இணைக்கும் குறுக்குக் கற்களில் துளை இருக்கும். அடியில் மண்மூடிய கல்தொட்டி. இடிந்த மண்டபத்தின் மிச்சம் என்றுதான் புதிதாகப் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். உண்மையில் அது குமிழித் தூம்பு. கண்மாய்த் தண்ணீரை வயலுக்கு அளந்துவிட்ட மடை. இதை முதலில் யோசித்தவர்கள் யார் என்று தேடத் தொடங்கினேன்.

அது வேலை செய்யும் விதத்தைக் காட்டியவர், பரம்பரையாக நீர்பாய்ச்சும் குடும்பத்துப் பெரியவர் ஒருவர். வற்றிய கண்மாயில் இறங்கி, தொட்டியைச் சுற்றியிருந்த வண்டலைக் கையாலேயே விலக்கினார். தொட்டியின் மேல்மூடியில் வட்டமாக ஒரு துளை, அது நீரோடி. பக்கச் சுவரில், தரையை ஒட்டிச் சிறு துளைகள், அவை சேறோடி. தொட்டிக்குள் இறங்கும் தண்ணீர், கரைக்கு அடியில் போகும் சுருங்கை வழியாக வாய்க்காலுக்குப் போய்விடும்.

“மேல் ஓட்டையைக் கல்லுக் குமிழு ஒண்ணு அடைச்சிருக்கும் தம்பி. அதுல கம்பு கோத்திருக்கும். நீந்திப் போயி, தூணைப் புடிச்சுக்கிட்டு கம்பைத் தூக்கணும். தண்ணி இறங்குற வேகத்துல கீழ கெடக்குற சேத்தையும் இழுத்துக்கிட்டுப் போகும். வயலுக்கு ரெண்டும் வேணும்ல?” என்றார்.

அந்தச் சேறோடித் துளைகளை நினைத்து நினைத்து வியந்திருக்கிறேன். கண்மாயைக் கொல்வது வண்டல். மழைநீர் ஆண்டுதோறும் கொண்டுவரும் மண் படிந்து படிந்து, கொள்ளளவு குறைந்துகொண்டே போகும். வடகிழக்குப் பருவமழையை நம்பி, பெய்த சில வாரத் தண்ணீரை மாதக்கணக்கில் வைத்துக் காக்க வேண்டிய நாட்டில் இது சாவுக்கு நிகர். தண்ணீர் திறக்கும்போதே மடையைச் சுற்றிய சேற்றையும் வெளியேற்றி, அதை வயலுக்கு உரமாக்க ஒருவர் கல்லில் வழி கண்டிருக்கிறார். மடையைக் கரையோடு ஒட்டாமல் தள்ளி வைத்ததால், திறக்கும்போது எழும் சுழலும் கரையை அரிக்காது.

யார் அவர்? புதுக்கோட்டை சமஸ்தானம் 1929இல் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுதியில் தேடினேன். பல்லவர், முத்தரையர், முற்காலப் பாண்டியர் காலம் தொட்டே இந்தப் பகுதியில் குமிழிக் கற்களில் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். பெரும்பாலும் சில வரிகள்தான். அரசனின் ஆட்சியாண்டைச் சொல்லிவிட்டு, குமிழியைச் செய்து கொடுத்தவர் பெயரைச் சொல்வதோடு சரி. கொடுத்தவர்களில் பலர் உள்ளூர்க்காரர்கள். ஆனால் இவை கல்லை நட்டவர்களைத்தான் காட்டுகின்றன; யோசித்தவரை அல்ல. புறநானூற்றின் 18ஆம் பாட்டில், பள்ளமான இடங்களில் நீரைத் தேக்கும்படி குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனிடம் சொல்கிறார். அங்கே நீர்நிலை இருக்கிறது. மடையின் நுட்பம் இல்லை.

தேடல் இலங்கைக்குப் போனது. அங்கே நீர்ப்பாசனத் துறையில் பணியாற்றிய ஹென்றி பார்க்கர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், பண்டைய இலங்கை பற்றி 1909இல் வெளியிட்ட நூலில் ‘பிசோகொட்டுவ’ என்ற அமைப்பை விரிவாக விளக்குகிறார். குளக்கரையின் உட்சரிவில் கிணறு போல இறக்கிக் கட்டிய சதுரமான மதகு அறை அது. சிங்களப் பொறியாளர்கள் 2,100 ஆண்டுகளுக்கு முன்பே இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பது பார்க்கரின் முடிவு. கரையை உடைக்காமல் ஆழத்திலிருந்து தண்ணீரை எடுப்பது எப்படி என்ற ஒரே சிக்கலைத்தான் இரண்டு நாட்டாரும் தீர்த்திருக்கிறார்கள். ஆனால் ஒன்று கரையோடு சேர்ந்த அறை. மற்றது குளத்துக்குள் தனியே நிற்கும் தூண். பிசோகொட்டுவவின் நகலாகக் குமிழியை என்னால் பார்க்க முடியவில்லை. அதே சமயம், யார் முந்தி என்று இரு பக்கமும் மார்தட்டுவதில் எனக்கு விருப்பமும் இல்லை. பாக் நீரிணை அகலமானதல்ல. கல்தச்சர்கள் அதைத் தாண்டியிருக்கலாம்.

தேடலில் எனக்கு உறுதியாகக் கிடைத்தது வேறு. மடையைக் கட்டியதோடு முன்னோர் நிற்கவில்லை. அதைப் பார்த்துக்கொள்ள ஆளையும் வைத்தார்கள். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, ஏரி வாரியத்துக்கு 6 பேரைக் குடவோலையில் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. ஊரார் கூடி நீர்நிலைகளைப் பராமரிக்கும் குடிமராமத்து ஊரின் வழக்கமாக இருந்தது. 1858இல் சென்னை மாகாணத்துக்கென்று கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவந்து அதை வற்புறுத்த வேண்டியிருந்தது என்றால், அதற்குள் வழக்கம் எவ்வளவு தளர்ந்திருக்க வேண்டும்!

இன்று பல கண்மாய்களில் இரும்பு ஷட்டர் மதகு வந்துவிட்டது. அதன் திருகு பழுதானால், சரிசெய்ய ஆள் வரும்வரை ஊர் காத்திருக்கிறது. பழைய குமிழிகளில் சில துணி துவைக்கும் கல்லாகிவிட்டன. சில தூர்வாரும்போது பொக்லைனில் பெயர்ந்து மண்ணோடு போய்விட்டன. புதுக்கோட்டை மாவட்டத்தில் மட்டும் 5,000க்கு மேற்பட்ட நீர்நிலைகள் உள்ளன. உங்கள் ஊர்க் கண்மாயில் அடுத்த முறை தூர்வார இயந்திரம் இறங்குவதற்கு முன், தூண்கள் நிற்கும் இடத்தை ஒருமுறை போய்ப் பாருங்கள். எழுத்து தெரிந்தால் படம் எடுத்துத் தொல்லியல் துறைக்கு அனுப்புங்கள். எழுத்து இல்லாவிட்டாலும் அந்தக் கல்லை நின்ற இடத்திலேயே விடச் சொல்லுங்கள்.