திருவனந்தபுரத்தின் வானம் எங்கே முடிகிறது?

திருவனந்தபுரத்தின் நடுவே வானளாவிய குடியிருப்பு வரப்போகிறது என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. நாகர்கோவில் பக்கத்துக் குடும்பங்களுக்கு அது வெறும் பேச்சு அல்ல. பிள்ளைகள் வேலை பார்ப்பது அங்கே, பெரிய ஆஸ்பத்திரி அங்கே, வளைகுடாவுக்கு விமானம் ஏறுவதும் அங்கேதான். என் மைத்துனரும் அப்படியொரு திட்டத்தில் மேல்மாடி ஃபிளாட் ஒன்றுக்கு அட்வான்ஸ் கொடுக்க யோசித்துக்கொண்டிருந்தார். “இத்தனை மாடிக்கு அனுமதி கிடைச்சிடுமா?” என்று என்னிடம் கேட்டார். அந்தக் கேள்வியில்தான் என் தேடல் தொடங்கியது. இந்த நகரத்தில் ஒரு கட்டடம் எவ்வளவு உயரலாம்? அதை முடிவு செய்வது யார்?

முதல் பதில் சாலைக் கடைத்தெருவில் கிடைத்தது. பல வருடமாக அங்கே பலசரக்குக் கடை வைத்திருக்கும் எங்கள் ஊர் அண்ணாச்சி சொன்னார்: “பத்மநாபன் கோபுரத்துக்கு மேல எவனும் கெட்ட மாட்டான், மக்கா.”

நகரத்தில் பலரும் நம்பும் விளக்கம் இது. பத்மநாபசுவாமி கோயிலின் ஏழு நிலைக் கோபுரம் சுமார் 100 அடி உயரம். கோயிலைச் சூழ்ந்த கோட்டைக்குள் பாரம்பரியத்தையும் பாதுகாப்பையும் முன்னிட்டுக் கட்டுப்பாடுகள் இருப்பதும் உண்மை. ஆனால் வடக்கே பட்டம், கவடியார் பக்கம் போனால் 100 அடியைத் தாண்டிய அடுக்குமாடிகள் வரிசையாக நிற்கின்றன. பக்தி ஒன்றே காரணமென்றால் வடக்கே மட்டும் வானம் ஏன் திறந்துவிடுகிறது?

கட்டட அனுமதிக் கோப்புகளோடு பழகியவர்களிடம் விசாரித்தேன். எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: இந்திய விமான நிலைய ஆணையத்தின் தடையில்லாச் சான்று, அதாவது என்.ஓ.சி. உயரம் பற்றிய கேள்வி மாநகராட்சிக்குப் போவதற்கு முன்பே விமான நிலையம் உள்ள சங்குமுகம் கடற்கரைக்குப் போய்விடுகிறது.

வரைபடத்தை விரித்து வைத்துப் பார்த்தபோது காரணம் புரிந்தது. விமான நிலையம் கடலோரத்தில் இருக்கிறது, கிட்டத்தட்ட 3.4 கிலோமீட்டர் நீள ஓடுபாதையோடு. அதிலிருந்து கிழக்கேக்கோட்டை, தம்பானூர், தலைமைச் செயலகம் மூன்றும் நேர்கோட்டில் 4 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன.

இந்த 4 கிலோமீட்டருக்கு ஒரு பொருள் உண்டு. 1951-இல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு விமான நிலையங்களுக்கான தரங்களை முதன்முதலாக ஏற்றுக்கொண்டது. இன்று அந்தத் தரங்களின்படி, பெரிய ஓடுபாதையைச் சுற்றி 4 கிலோமீட்டர் வரை, விமான நிலையத் தரைமட்டத்துக்கு 45 மீட்டர் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு கூரை விரிகிறது. இறங்க முடியாமல் போன விமானம் தாழ்வாக வட்டமிட்டுத் திரும்பிவர வேண்டிய வெளி அது. அதற்கு அப்பால் கூரை சரிவாக ஏறுகிறது: ஒவ்வொரு 20 மீட்டர் தூரத்துக்கும் 1 மீட்டர். இப்படி 145 மீட்டர் வரை உயரும். இந்தியாவில் 2015-ஆம் ஆண்டின் உயரக் கட்டுப்பாட்டு விதிகளும் இந்தக் கணக்கையே பின்பற்றுகின்றன. பட்டமும் கவடியாரும் அந்தச் சரிவிலும் அதைத் தாண்டியும் இருப்பதால் அங்கே மாடிகளுக்கு இடம் கிடைக்கிறது. நகர மையத்துக்கு அந்த வாய்ப்பு குறைவு.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஆணையம் உயரத்தை மனையின் தரையிலிருந்து அளப்பதில்லை, கடல் மட்டத்திலிருந்து அளக்கிறது. திருவனந்தபுரம் மேடும் பள்ளமுமான ஊர். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1837-இல் வானாய்வுக் கூடம் நிறுவியது பாளையத்தை அடுத்த ஒரு குன்றின் மேல். நட்சத்திரம் பார்க்க வசதி செய்த அந்த மேடு, இன்று மாடி கட்ட நினைப்பவருக்குத் தடை. விமான நிலையத் தரையைவிட 20 மீட்டர் மேடான மனை என்றால், 45-இல் 20 போக 25 மீட்டர்தான் மிச்சம். மாடிக்கு 3 மீட்டர் வைத்தால் எட்டு மாடி. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் அறை, இடிதாங்கி எல்லாம் அந்தக் கணக்குக்குள்ளேயே அடங்க வேண்டும். இது பொதுக் கணக்கு. தனி ஆய்வுக்குப் பிறகு சில மனைகளுக்குக் கூடுதல் உயரம் கிடைப்பதுண்டு. இறங்குபாதைக்கு நேராக இருந்தால் குறைவதும் உண்டு. இறுதி எண்ணை ஆணையம்தான் சொல்ல வேண்டும்.

அப்படியானால் இந்த உயர வரம்பின் தொடக்கம் அந்த ஓடுபாதை. அது அங்கே வந்தது எப்படி என்று பின்னோக்கிப் போனேன். திருவிதாங்கூர் அரச குடும்பத்தில் மணம் செய்தவரும் விமானம் ஓட்டத் தெரிந்தவருமான கோதவர்ம ராஜாவின் முயற்சியால் 1932-இல் இந்த விமான நிலையம் உருவானது. 1935 நவம்பர் 1 அன்று டாடாவின் சிறு விமானம் திருவிதாங்கூர் அஞ்சல் பைகளைச் சுமந்து இங்கிருந்து பம்பாய்க்குக் கிளம்பியது. இன்று நகர மையத்தில் ஒரு பில்டர் எத்தனை மாடி விற்கலாம் என்பது அந்தக் கடற்கரைத் தேர்வில் தொடங்குகிறது.

அண்ணாச்சியின் பதிலையும் நான் ஒதுக்கிவிடவில்லை. பத்மநாபனின் ஆறாட்டு ஊர்வலம் வருடத்துக்கு இருமுறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடலுக்குப் போகிறது. அந்தச் சில மணி நேரம் விமானங்கள் நிறுத்தப்படுகின்றன. ஓடுபாதையைவிட ஊர்வலப் பாதை பழையது என்பதால் இந்த ஏற்பாடு. தெய்வத்துக்கு விமானம் ஒதுங்கி நிற்கிறது. விமானத்துக்குக் கட்டடம் ஒதுங்கத்தான் வேண்டும்.

ஒதுங்காதபோது நடப்பதையும் நாடு பார்த்திருக்கிறது. 2022 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம், மும்பை விமான நிலையத்தைச் சுற்றி உயர வரம்பை மீறிய 48 கட்டடங்களில் மீறிய பகுதிகளை இடிக்கச் சொன்னது. கேரளத்திலேயே, மரடில் கடலோர ஒழுங்குமுறை விதியை மீறிக் கட்டிய நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகள் 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. அங்கே மீறியது வேறு சட்டம். ஆனால் வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வீடு வாங்கியவர்கள் தெருவில் நின்ற காட்சி எந்தச் சட்டத்துக்கும் பொது.

உயர வரம்பை வளர்ச்சிக்குத் தடை என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. துபாயிலிருந்தும் மஸ்கட்டிலிருந்தும் நம் வீட்டுப் பிள்ளைகள் இறங்கிவரும் வழியைக் காப்பது அந்த வரம்புதான். ஒரு மனைக்காரரின் லாபத்துக்காக அந்த வழியைக் குறுக்க யாருக்கும் உரிமை இல்லை. நகர மையத்தில் குடியிருப்பு வேண்டும், நிச்சயமாக வேண்டும். வானம் அனுமதிக்கும் அளவில் வரட்டும்.

மைத்துனரிடம் சொன்னதையே வாசகருக்கும் சொல்கிறேன். விளம்பரப் படத்தில் உள்ள மாடிக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். எட்டு வீடுகளுக்கு மேற்பட்ட திட்டத்தை ரெராவில், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், பதியாமல் விளம்பரம் செய்யவும் முன்பதிவு வாங்கவும் சட்டம் அனுமதிப்பதில்லை; முதலில் அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள். அடுத்து விமான நிலைய ஆணையத்தின் என்.ஓ.சி.யை வாங்கி, அதில் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கிறது, மனையின் தரைமட்டம் எவ்வளவு என்று பாருங்கள். முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்து, நீங்கள் வாங்கப்போகும் மாடி அதற்குள் வருகிறதா என்று கணக்குப் போடுங்கள். வரவில்லை என்றால் அந்த வீட்டை வாங்காதீர்கள்.