செய்கூலி உண்டு!

உங்கள் கல்யாணத்துக்கு எத்தனை சுவர்க் கடிகாரம் வந்தது?

எனக்கு ஏழு. அதில் மூன்று ஒரே மாடல், ஒரே கடை ஸ்டிக்கர். ஹாட்பாக்ஸ் நாலு, லெமன் செட் ஐந்து. இதெல்லாம் இப்போது எங்கே என்று கேட்காதீர்கள். அடுத்தடுத்த முகூர்த்தங்களில் வேறு கலர் ஜிகினாத்தாள் சுற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போய்விட்டன. உங்கள் வீட்டிலும் அப்படித்தானே? சும்மா சொல்லுங்கள், உங்களுக்கும் எனக்கும் நடுவில்தான்.

இந்த விவகாரத்தைக் கணக்குப் போட்டே காட்டியவர் ஒருத்தர் உண்டு. ஜோயல் வால்ட்ஃபோகல், அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியர். 1993-ல் அமெரிக்காவின் பெரிய பொருளாதார இதழ் ஒன்றில் கிறிஸ்துமஸ் பரிசுகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கல்லூரி மாணவர்களிடம் அவர் கேட்டது இரண்டே கேள்வி. ‘உனக்கு வந்த பரிசுக்குக் கொடுத்தவர் எவ்வளவு செலவழித்திருப்பார்?’, ‘அது உன்னிடம் இல்லையென்றால் நீ எவ்வளவு கொடுத்து வாங்குவாய்?’ இரண்டு தொகைக்கும் நடுவில் துண்டு விழுந்தது. பத்து சதவிகிதத்தில் ஆரம்பித்து மூன்றில் ஒரு பங்கு வரைக்கும்! நூறு ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்தால், கைமாறின நிமிஷத்திலேயே பத்து ரூபாயோ முப்பத்து மூன்று ரூபாயோ ஆவியாகிவிடுகிறது. நகைக்கடை பாஷையில் சொன்னால், சேதாரம். அதிலும் தாத்தா, பாட்டி, அத்தை, மாமா வகையறா கொடுக்கும் பரிசுகளில்தான் சேதாரம் அதிகம். நண்பர்களும் காதலர்களும் கொடுத்ததில் கம்மி.

நான் பி.காம். இந்த மாதிரிக் கணக்கைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும். அவர் கேள்வியில் ஒரு சின்ன வால் இருக்கிறது. ‘அந்தப் பொருளோடு உனக்குள்ள மனசு சம்பந்தப்பட்ட மதிப்பை விட்டுவிட்டு’ விலை சொல்லச் சொல்கிறார். கோயிலுக்கு விலை போடு, ஆனால் மூலவரைக் கணக்கில் சேர்க்காதே என்கிற மாதிரி!

நம் ஊர் மொய் நோட்டு இதைவிட நேர்மையானது. ‘வடக்குத் தெரு சின்னச்சாமி, 501.’ அவ்வளவுதான். அவர் வீட்டு விசேஷத்துக்கு நாம் 501-க்குக் குறையாமல் செய்தாக வேண்டும். துண்டும் விழாது, கண்ணீரும் வராது.

மொய் நோட்டில் எழுத முடியாத பரிசு ஒன்று உண்டு. கையால் செய்து கொடுப்பது. மணி கோத்த மாலை, நூல் சுற்றின வளையல், களிமண் கம்மல், காகிதம் வெட்டி ஒட்டின வாழ்த்து அட்டை. இதற்கு எதிர்ப்பக்கம் என்ன தொகை எழுதுவீர்கள்?

உடனே ‘ஆஹா, கையால் செய்தது என்றாலே அன்பு’ என்று உருகிவிடாதீர்கள். அதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. மைக்கேல் நார்ட்டன் என்ற பேராசிரியரும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து செய்த ஆய்வு 2012-ல் வெளியானது. ‘ஐகியா எஃபெக்ட்’ என்று பேர். ஆட்களை உட்காரவைத்துக் காகிதத்தில் கொக்கும் தவளையும் மடிக்கச் சொன்னார்கள். செய்து முடித்ததும், ‘இதை நீயே வாங்குவதானால் எவ்வளவு தருவாய்?’ செய்தவர்கள் சராசரியாக 23 சென்ட் தரத் தயார். அதே கோணல் கொக்குக்கு மற்றவர்கள் சொன்ன விலை 5 சென்ட். கைதேர்ந்தவர்கள் மடித்த அசல் கொக்குக்கே 27 சென்ட்தான் கேட்டார்கள்! தான் செய்த கோணலுக்கும் வித்வான் செய்த நேர்த்திக்கும் நாலே சென்ட் வித்தியாசம் என்று செய்தவன் நம்புகிறான். காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு என்று இங்கே எந்த ஆராய்ச்சியும் பண்ணாமலே சொல்லிவைத்துவிட்டார்கள்.

ஆக, கையால் செய்து கொடுக்கிறவர் தன் 23 சென்ட் கண்ணோடு வாங்குகிறவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். வாங்குகிறவர் பாடு திண்டாட்டம். கடிகாரம் என்றால் கைமாற்றிவிடலாம். ‘மூணு ராத்திரி கண்ணு முழிச்சி பண்ணேன்’ என்று ஒருத்தி தருவதை எங்கே தள்ளுவது?

எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி குவில்லிங் ஜிமிக்கி செய்து ஊருக்கெல்லாம் கொடுப்பார். மெல்லிய காகித நாடாவை ஊசியில் சுருட்டி, குடை மாதிரித் தள்ளி, உள்பக்கம் பசை தடவிச் செய்கிற ஜிமிக்கி. பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் மேலே வார்னிஷ் பூச மாட்டார். ஒரு ஐப்பசி மழைக்குப் பிறகு அவர் சிநேகிதிகள் காதில் தொங்கியதை ஜிமிக்கி என்று சொல்ல முடியாது. இன்னொருவர் செய்கிற கம்மலில் கொக்கிதான் வம்பு. மலிவான கொக்கியில் நிக்கல் கலந்திருக்கும். நிறையப் பேருக்கு அது ஒத்துக்கொள்ளாமல் காது மடல் புண்ணாகிவிடும். சர்ஜிகல் ஸ்டீல் கொக்கி போட்டால் கொஞ்சம்தான் கூட ஆகும். களிமண் நகை செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நிழலில் நன்றாகக் காயாத மண்ணைச் சூளையில் வைத்தால் உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகி, பட்டென்று வெடிக்கும். அவசரத்துக்குப் பிறந்தநாள் தேதி வந்து நிற்கும். மண்ணுக்கு அதெல்லாம் தெரியாது.

வாழ்த்து அட்டை விஷயத்துக்கு வருவோம். அச்சடித்த கிறிஸ்துமஸ் அட்டை பிறந்ததே வேலையைக் குறைக்கத்தான். 1843-ல் லண்டனில் ஹென்றி கோல் என்ற அரசு அதிகாரிக்குப் பண்டிகை சமயத்தில் எழுத வேண்டிய கடிதங்கள் குவிந்தன. உட்கார்ந்து எழுத நேரமில்லை. ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரைப் பிடித்து ஒரு படம் வரையச் சொல்லி, அச்சடித்து, பேரை மட்டும் எழுதி அனுப்பினார். மிச்சத்தை ஒரு ஷில்லிங் விலைக்கு விற்கவும் செய்தார்கள். இன்றைக்கு வாட்ஸ்அப்பில் பொங்கல் பானையை ஃபார்வர்டு செய்கிறோமே, அதற்குக் கொள்ளுத்தாத்தா அவர்தான்.

எண்பது, தொண்ணூறுகளில் மார்கழி பாதி தாண்டினால் பெட்டிக்கடை வாசல் முழுக்க பொங்கல் வாழ்த்து தொங்கும். முருகன், எம்.ஜி.ஆர்., ரஜினி, கமல் எல்லாரும் ஒரே கயிற்றில். கவரை ஒட்டாமல் ‘புக்-போஸ்ட்’ என்று எழுதிப் போட்டால் தபால் செலவு குறைவு. காசில்லாத பையன்கள் வெள்ளை அட்டையை மடித்து கரும்பு ரெண்டு, பானை ஒன்று, பின்னால் பாதி சூரியன் வரைவோம். நான் வரைந்த மாட்டைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அக்கா, ‘நாய் ரொம்ப நல்லாருக்கு’ என்றது.

அட்டையில் படம் எப்படி இருந்தால் என்ன! நான் பார்த்த கையால் செய்த அட்டைகளிலேயே அருமையானது ஒரு பத்திரிகை ஆபீஸில் நடந்தது. சீனியர் உதவி ஆசிரியர் ஒருவர் ரிட்டயர் ஆனார். நிர்வாகம் வழக்கம்போல் ஒரு வாட்ச் கொடுத்தது. ஜூனியர் பையன்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பல வருஷமாக அவர் திருத்திக் கொடுத்த பழைய புரூஃப் தாள்களைத் தேடி எடுத்து, அவர் மார்ஜினில் எழுதினதை மட்டும் வெட்டி வெட்டி ஒட்டினார்கள். ‘இந்த வாக்கியம் எதற்கு?’ ‘யார் சொன்னது?’ ‘தம்பி, சாப்பிட்டுவிட்டு மறுபடி எழுதவும்.’ மனுஷர் அதை வாசித்துச் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பேனாவை எடுத்து, அட்டையில் இருந்த ஒரு ஒற்றுப்பிழையைத் திருத்தினார்!

எதிராளியை எவ்வளவு கவனித்திருக்கிறீர்கள் என்பதுதான் இதில் சரக்கு. ஜிகினாவெல்லாம் அதற்குப் பிறகு. நகையில் இது இன்னும் நேரடியாகத் தெரியும். அங்கே கவனிப்புக்கு அளவு என்று பேர்.

வளையல் அளவு ஒரு வேடிக்கையான கணக்கு. 2.4, 2.6, 2.8 என்பார்கள். தசம எண் என்று நினைத்தால் போச்சு. புள்ளிக்கு அப்புறம் வருவது அங்குலத்தில் பதினாறில் எத்தனை பங்கு என்பது. ஆகவே 2.8 என்றால் இரண்டரை அங்குலம். 2.10 என்பது 2.8-ஐ விடப் பெரிசு! என் பி.காம். படிப்பை ஒரு வளையல்காரம்மா ஒரே நிமிஷத்தில் தரைமட்டமாக்கினார்.

அளவு எடுப்பது எப்படி என்றால், வளையல் போடுகிற மாதிரி கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கச் சொல்லி, விரல் முட்டிகளுக்குக் கிட்டே, கை அகலமாக இருக்கிற இடத்தில் ஒரு நூலைச் சுற்ற வேண்டும். அந்த நீளத்தை 3.14-ஆல் வகுத்தால் விட்டம். பாருங்கள், இதற்கு எதிராளியின் கையைப் பிடித்தே ஆக வேண்டும்.

என் அத்தையைப் பற்றிச் சொல்கிறேன். அப்பாவின் அக்கா. லால்குடி பக்கம் கிராமம். 1993-ல் மாமா தவறிப்போனார். நான் அப்போது ஸ்கூல் பையன். வளையல் உடைத்த அன்றைக்குச் சின்னப் பசங்களையெல்லாம் திண்ணையிலேயே உட்காரவைத்துவிட்டார்கள். சத்தம் மட்டும் கேட்டது.

அதற்குப் பிறகு அத்தை சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்து, இரண்டு பையன்களை ஆளாக்கி, ரிட்டயரும் ஆகிவிட்டார். இடது கையில் ஒரு பழைய வாட்ச். வலது கை மொட்டை. குடும்பத்தில் யாருக்கு வளைகாப்பு என்றாலும் அஞ்சு வகை சாதமும் அத்தை கைப்பக்குவம்தான். வளையல் அடுக்குகிற நேரத்தில் மட்டும் அவருக்குச் சமையலறையில் ஏதாவது வேலை வந்துவிடும். யாரும் போகச் சொன்னதில்லை. வாங்க என்று கூப்பிட்டதும் இல்லை.

போன வருஷம் கண் புரை ஆபரேஷனுக்கு வந்து எங்கள் வீட்டில் இரண்டு வாரம் இருந்தார். ப்ளஸ் ஒன் படிக்கிற என் மகள், சிநேகிதியின் பிறந்தநாளுக்காகத் தரையில் உட்கார்ந்து பட்டு நூல் வளையல் செய்துகொண்டிருந்தாள். இருபது இழையை ஒன்றாகச் சேர்த்து, பிளாஸ்டிக் வளையல் மேல் பசை தடவி, இடைவெளி தெரியாமல் சுற்றுவது. இழை சிக்காமல் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். அத்தை, கறுப்புக் கண்ணாடியோடு, பிடித்துக்கொண்டார்.

‘பாட்டி, கையக் குடுங்க. கட்டை விரல மடக்குங்க.’

நூலைச் சுற்றி ஸ்கேலில் வைத்தாள்.

‘எவ்ளோடி?’

‘ஏழரை, பாட்டி.’

‘அது எனக்குத் தெரியாதா? முப்பது வருஷமா இருக்கே!’

எல்லாரும் சிரித்தோம். மகள் அந்தக் கையை விடவில்லை. ‘கலர் சொல்லுங்க. உங்களுக்குத்தான்.’

அத்தை என்னைப் பார்த்தார். ‘ஏண்டா தம்பி, எனக்கு எதுக்குடா வளையலு?’ உள்ளே மிக்ஸி நின்றது. நான் பதில் சொல்வதற்குள் மகள் செய்து முடித்த இரண்டு வளையலை எடுத்து அவர் காதுக்குப் பக்கத்தில் ஆட்டினாள். ‘பாருங்க, கண்ணாடி வளையல் மாதிரி சத்தம் போடாது.’ அத்தை அதை வாங்கி, தானும் ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, ‘அரக்கு இருக்கா?’ என்றார்.

நாலு செய்தாள். 2.6 சைஸ். ‘ரெண்டு போதும்டி’ என்று இரண்டைப் போட்டுக்கொண்டு ஊருக்குப் போனார். போகிற வழியில் கழற்றிவிடுவார் என்றுதான் என் மனைவி சொன்னாள்.

இரண்டு மாசம் கழித்துத் திருச்சியில் ஒரு கிரகப்பிரவேசம். அத்தை வலது கையில் அரக்கு வளையல். சித்திதான் ஆரம்பித்தாள். ‘என்ன அண்ணி, கையில புதுசா?’ பந்தியில் பேச்சு நின்றுபோனது. அத்தை கையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்ளவில்லை.

‘வாங்கினது இல்லடி. புள்ள அளவெடுத்து செஞ்சது. வேற யாருக்கும் சேராது.’

அவ்வளவுதான். சித்தி அந்த வளையலைத் தொட்டுப் பார்த்து, ‘நல்லா நெருக்கமாத்தான் சுத்திருக்கா’ என்றாள். சாம்பார் வந்தது.

யோசித்துப் பாருங்கள். தி.நகரில் நான் இரண்டு பவுனில் வளையல் வாங்கிக் கொடுத்திருந்தால் அத்தை என்ன செய்திருப்பார்? என்னை ஆசீர்வதித்து, நேராக மருமகள் கையில் போட்டிருப்பார். தங்கத்தை யாருக்கும் கொடுக்கலாம். நூல் வளையலைத்தான் அவரால் ‘வேற யாருக்கும் சேராது’ என்று சொல்ல முடிந்தது. வால்ட்ஃபோகலின் கேள்வியை என் அத்தையிடம் கேட்டால், நூலும் பசையும் சேர்த்து ஐம்பது ரூபாய் என்று கறாராகச் சொல்லுவார். சத்துணவுக் கூடத்துக் கணக்கு எழுதின கை.

பட்டு நூல் வளையலுக்கு ஆயுசு கம்மி. தண்ணீர் பட்டு, பாத்திரத்தில் உரசி, ஓரத்தில் பிரிய ஆரம்பிக்கும். போன வாரம் ஊரிலிருந்து வந்த தம்பி ஒருவன் ஒரு மருந்து டப்பாவைக் கொடுத்தான். உள்ளே அந்த இரண்டு அரக்கு வளையல். கூடவே ரூல்டு பேப்பரில் ஒரு சீட்டு. ‘நூல் விட்டுவிட்டது. மேலே புதிசாகச் சுற்றிக் கொடுக்கவும். இந்தத் தடவை கிளிப்பச்சை. தை கடைசியில் சின்ன மருமகளுக்கு வளைகாப்பு வைத்திருக்கிறோம். அதற்குள் கிடைத்தால் நல்லது.’

மகளுக்கு அரையாண்டுப் பரீட்சை நடக்கிறது. நூல்கண்டு வாங்க நான்தான் பாரிமுனைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன். கிளிப்பச்சையிலேயே மூன்று ஷேடு இருக்கிறதாம்.